மடிப்பில் பிறந்த விளக்கு

ஐரோப்பாவின் வடபகுதியில், எந்த ஊரிலிருந்து புறப்பட்டாலும் வெகுதூரம் போவதற்குள் கடலைக் கண்டுவிடக்கூடிய டென்மார்க் என்னும் சிறு தேசத்தில், மார்கழி மாதத்துச் சூரியன் காலை எட்டரை மணிக்குமேல்தான் உதயமாகி, பிற்பகல் மூன்றரை மணி சுமாருக்கே அஸ்தமித்துவிடுகிறது. தலைநகரமாகிய கோப்பன்ஹேகனில் அந்நாட்களின் பகற்பொழுது ஏறக்குறைய ஏழு மணி நேரந்தான். அதுவும் பெரும்பாலும் மேகமூட்டத்தில் மங்கிக் கிடப்பதே வழக்கம். உத்தியோகத்துக்குப் போகிறவர்கள் இருட்டோடு புறப்பட்டு இருட்டியபின் வீடு திரும்புகிறார்கள். குழந்தைகள் விளக்கொளியில் பாடம் படித்து, விளக்கொளியிலேயே விளையாடி முடித்து, உறங்கப் போகின்றன. வருஷத்தில் பல மாதங்கள் இப்படி வாழ நேர்ந்த ஜனங்களிடையே, விளக்கானது வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களில் ஒன்றாக இராமல், குடும்ப வாழ்வு முழுவதையும் தன்னைச் சுற்றி இழுத்துக்கொள்ளும் பிரதான ஸ்தானத்தை அடைந்துவிட்டதில் ஆச்சரியம் இல்லை. நல்ல விளக்கு எப்படி இருக்கவேண்டும் என்ற கேள்வியை அங்கே சிற்பிகளும் கட்டிடக் கலைஞர்களும் மிகுந்த சிரத்தையோடு ஆராய்ந்திருக்கிறார்கள்.

அந்த ஆராய்ச்சியில் விளைந்தவற்றுள் மிகவும் எளிமையானதும், உற்று நோக்குந்தோறும் வியப்பை வளர்ப்பதுமான ஒன்றைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன். அது மடிப்பு விளக்கு. சரியாகச் சொன்னால், விளக்கின்மேல் கவிழும் மடிப்புக் குடை. ஒரே ஒரு தாள். அதில் வர்ணமில்லை, சித்திரமில்லை, வெட்டி ஒட்டிய அலங்காரம் எதுவுமில்லை. மடிப்புகள் மட்டுமே உண்டு. அந்த மடிப்புகளே அதற்கு உருவத்தைக் கொடுக்கின்றன. அவையே அதற்குப் பலத்தைக் கொடுக்கின்றன. விளக்கை ஏற்றிய பிறகு அதன் அழகும் அவற்றிலிருந்தே பிறக்கிறது. ஒரு பொருளோடு மற்றொன்றைச் சேர்க்காமல், அந்தப் பொருளின் சுபாவத்துக்கு இணங்கி நடந்தே அதிலிருந்து சௌந்தரியத்தை வெளிக்கொணர முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் கைத்தொழில் உலகில் கிடைப்பது அரிது.

இந்தக் குடைக்கு வித்திட்டவர் பேடர் வில்ஹெல்ம் யென்சன்-கிளிண்ட் என்பவர். 1853-ஆம் ஆண்டில் பிறந்த அவர், முதலில் எஞ்சினீயரிங் படித்துத் தேறினார். பிறகு ஓவியத்தில் நாட்டம் கொண்டு கலைக்கழகத்தில் பயின்றார். நடுவயதில்தான் கட்டிடக் கலையைத் தம் துறையாக வரித்துக்கொண்டார். டென்மார்க் மக்கள் பெரிதும் போற்றும் போதகரும் பாடலாசிரியருமான குருண்ட்விக்கின் ஞாபகார்த்தமாகக் கோப்பன்ஹேகனில் எழுந்துள்ள தேவாலயம் யென்சன்-கிளிண்டின் கற்பனையே. 1921-இல் அஸ்திவாரமிட்டு 1940-இல் பூர்த்தியான அந்த ஆலயம், அடி முதல் முடி வரை மஞ்சள் நிறச் செங்கல் என்ற ஒரே பொருளால் ஆனது. சுவர் மட்டுமல்ல, தூண்களும் விதானமும் பிரசங்க மேடையுங்கூட அதே செங்கல்தான். பளிங்கும் பொன்முலாமும் சுதைச் சித்திரங்களும் இன்றி, லட்சக்கணக்கான செங்கற்களை ஒழுங்காக அடுக்கிய அடுக்கே அங்கே அலங்காரமாக நிற்கிறது. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. செங்கல்லை அவர் எந்தக் கண்ணோடு பார்த்தாரோ, அதே கண்ணோடுதான் காகிதத்தையும் பார்த்தார்.

1901-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், தாமே வடிவமைத்த ஒரு பீங்கான் மண்ணெண்ணெய் விளக்குக்கு அவர் ஒரு குடை தேடினார். மண்ணெண்ணெய் விளக்கோடு பழகியவர்களுக்கு அதன் குணமும் தோஷமும் தெரியும். திரியின் நுனியில் சிமினிக்குள் நிற்கும் சுடர் சிறியது. ஆனால் அறையிலுள்ள எல்லாவற்றையும்விட அதிகப் பிரகாசமானது. எதிரே உட்கார்ந்திருப்பவனுடைய கண்ணை அது கூசச் செய்துவிடும். கூசிய கண்ணுக்குப் புத்தகமும் தெரியாது, எதிரே இருப்பவர் முகமும் தெளிவாகத் தெரியாது. சுடரை மறைக்கவேண்டும், மறைத்தால் வெளிச்சம் போய்விடக்கூடாது. குடை சுடருக்குச் சமீபத்தில் இருக்கவேண்டும். சமீபத்தில் இருந்தாலும் தீப்பற்றிக் கொள்ளக்கூடாது. விளக்குக் குடை செய்ய முற்பட்ட ஒவ்வொருவரும் இந்த முரண்பாடுகளுக்குச் சமாதானம் காணவேண்டியவர்களே. யென்சன்-கிளிண்ட், கடையில் விற்கும் துணிக் குடையையோ கண்ணாடிக் குடையையோ நாடாமல், ஒரு தாளை எடுத்து விசிறி போல் மடித்து வளைத்து, உஷ்ணக் காற்று வெளியேறுவதற்கு உச்சியைத் திறந்து விட்டு, அந்தச் சிக்கலைத் தீர்த்தார்.

தாள் எப்படி அதைத் தீர்க்கிறது என்பதைச் சற்று விளக்கவேண்டும். காகிதம் என்பது மிக நுண்ணிய நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் படலம். அதனுள் புகும் ஒளி நேர்வழியில் போகமுடியாமல் நாருக்கு நார் மோதித் திசை மாறி, பல புறங்களிலும் சிதறி வெளிப்படுகிறது. ஆகவே, உள்ளே ஒரு புள்ளியாக இருந்த சுடர் வெளியே பார்ப்பவனுக்குக் குடை முழுவதும் பரவிய ஒளியாகத் தோன்றுகிறது. மடிக்காத தாளாக இருந்தால், இந்த ஒளி நடுவில் வெளுத்தும் ஓரத்தில் மங்கியும் சப்பென்று இருக்கும். மடித்த தாளிலோ ஒவ்வொரு மடிப்புக்கும் இரண்டு சரிவுகள் உண்டு. ஒரு சரிவு சுடரை நேராக நோக்குகிறது. மற்றொன்று சாய்வாக நோக்குகிறது. முதலாவது துலங்குகிறது, இரண்டாவது மங்குகிறது. இரண்டு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று படிகிற இடத்தில் ஒளி இன்னும் ஒரு படி குறைகிறது. இவ்விதம் ஒரே வெள்ளைத் தாளில், மையோ சாயமோ தொடாமலே, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட பல தரங்கள் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுவிடுகின்றன.

அதே காலத்தை அடுத்து வந்த மற்றொரு டென்மார்க் கலைஞரான போல் ஹென்னிங்சென் இதே பிரச்னையை வேறு வழியில் அணுகினார். 1926-இல் உருவான அவருடைய மூன்றடுக்கு விளக்கில், ஒவ்வொரு குடையின் வளைவும் கணித சாஸ்திரத்தில் வரும் ஒரு சுருளைத் தழுவி நிர்ணயிக்கப்பட்டு, எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் பல்பு கண்ணில் படாதவாறு அமைந்திருக்கிறது. அது கணக்கிட்டு ஒளியைத் திருப்பும் மார்க்கம்; மடிப்புக் குடையினுடையது ஒளியைத் தன்னுள் வாங்கிப் பக்குவப்படுத்தி வெளியிடும் மார்க்கம். இரண்டும் ஒரே இருட்டுக்கு விடையாகப் பிறந்தவை என்பதை மறக்கலாகாது.

ஒளியின் விஷயம் இப்படி என்றால், பலத்தின் விஷயம் இன்னும் விசேஷமானது. ஒரு சாதாரணத் தாளின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் அது துவண்டு தொங்குகிறது. அதையே நெருக்கமாக மடித்து மறுபடியும் பிடித்தால் விறைத்து நிற்கிறது. தாளின் கனம் கூடவில்லை, எடை கூடவில்லை. கூடியது அதன் உயரமே. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள தாளை ஒரு சென்டிமீட்டர் ஆழமுள்ள மடிப்புகளாக மடிக்கும்போது, வளைவை எதிர்த்து நிற்கும் ஆழம் நூறு மடங்காகிவிடுகிறது. பனையோலை இந்த ரகசியத்தை நமக்கு நெடுங்காலமாகக் காட்டிக்கொண்டே இருக்கிறது. குருத்தில் விசிறியாக மடிந்து கிடந்து, விரிந்த பிறகும் அந்த மடிப்புகளை முற்றும் இழந்துவிடாமல் இருப்பதனாலேயே, அவ்வளவு அகன்ற ஓலை ஆடிக்காற்றிலும் ஒடியாமல் நிமிர்ந்து நிற்கிறது. உள்ளே கம்பிக்கூடு இல்லாமலே ஒரு காகிதக் குடை தன் உருவத்தைத் தானே தாங்கிக்கொள்வதற்கும் இதே நியாயந்தான்.

இனி, கையால் இதைச் செய்யும் முறையைப் பார்ப்போம். முதலில் தாளின் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கவனிக்கவேண்டும். யந்திரத்தில் தயாராகும் காகிதத்தில் நார்களில் பெரும்பாலானவை ஒரே திசையில் படிந்திருக்கும். அந்தத் திசையை ஒட்டி மடித்தால் மடிப்பு கத்திமுனை போல் விழும். குறுக்கே மடித்தால் நார் முறிந்து, மடிப்பின் முகட்டில் பிசிறு தட்டும். தாளின் ஒரு துண்டை லேசாக இரு திசைகளிலும் வளைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் சுலபமாக இசைகிறதோ அதுவே நாரின் போக்கு. நெட்டு மடிப்புகள் அந்தப் போக்கில் அமையுமாறு தாளை வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம்.

அடுத்தது பங்கீடு. இரண்டரை முழத்துக்கு மேல் நீண்ட, 120 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தாளை 32 சம பாகங்களாக மடிக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மடிப்பாக அளந்துகொண்டே போகிறவன், ஒவ்வொரு முறையும் அரை மில்லிமீட்டர் தவறினாலும், மறுமுனைக்கு வரும்போது 16 மில்லிமீட்டர் பிசகிப்போயிருப்பான். குடையின் இரண்டு ஓரங்களும் ஒன்று சேரா. பழகிய கைகள் அப்படிச் செய்வதில்லை. தாளை முதலில் சரிபாதியாக மடிக்கின்றன. பிறகு ஒவ்வொரு பாதியையும் பாதியாக மடிக்கின்றன. இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, எட்டு பதினாறாகி, பதினாறு முப்பத்திரண்டாகிறது. இந்த முறையில் ஓரிடத்துத் தவறு அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. அடுத்த மடிப்பின் தலையில் அது ஏறி உட்காருவதில்லை. ஒவ்வொரு மடிப்பையும் எலும்பாலோ வைரம் பாய்ந்த மரத்தாலோ செய்த தட்டையான கோலினால் ஒரே அழுத்தமாக, மேலிருந்து கீழ்வரை, இடையில் நிறுத்தாமல் தேய்க்கவேண்டும். நிறுத்தி நிறுத்தித் தேய்த்தால் கோடு நெளியும். விளக்கை ஏற்றியதும் அந்த நெளிவு எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

வெறும் நெட்டு மடிப்புகளோடு விட்டுவிட்டால் கிடைப்பது விசிறி, குடை அல்ல. வட்டமாக வளைத்தவுடன் அது தன் இஷ்டத்துக்கு விரிந்தும் சுருங்கியும் போகும். அதை ஓர் உருவத்தில் நிலைநிறுத்துவது குறுக்கு மடிப்பு. மடித்த விசிறியின் மேல்பாகத்தில் சாய்வாக ஒரு திசையிலும் பிறகு எதிர்த்திசையிலும் மடித்துப் பிரித்தால், தாளைச் சுற்றிலும் பெருக்கல் குறிகளின் வரிசையொன்று விழுகிறது. அதன்பிறகுதான் கைத்திறத்துக்கு வேலை. முன்பு பள்ளமாக இருந்த கோட்டை மேடாகவும், மேடாக இருந்ததைப் பள்ளமாகவும், பெருக்கல் குறிகள் விழுந்த இடங்களில் மட்டும் திருப்பிவிடவேண்டும். இடது கைவிரல்கள் பின்னாலிருந்து தாங்க, வலது கையின் கட்டைவிரல் ஒவ்வொரு சந்தியையும் மெதுவாக உள்ளே தள்ள, தாள் ஒரு கணம் முரண்டு செய்து, திடீரென்று இசைந்து கொடுத்து, புதிய நிலையில் பொருந்திக்கொள்கிறது. பக்கத்துச் சந்தி சரியாக அமையும் வரையில் இது நிலைக்காது. இது நிலைக்கும் வரையில் அதுவும் அமையாது. ஆகவே வரிசை முழுவதையும் ஏககாலத்தில் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. கடைசியில் இரு ஓரங்களையும் ஒட்டி, மேல்விளிம்பில் குத்திய துளைகளின் வழியே நூலைக் கோத்து இழுத்தால், தட்டையாகக் கிடந்த தாள் எழுந்து நின்று குடையாகிறது.

இந்த இசைவுக்குப் பின்னால் கண்டிப்பான விதிகள் உண்டு. தட்டையாக மடங்கவேண்டிய ஒரு தாளில், பல மடிப்புகள் ஒரு புள்ளியில் சந்தித்தால், அவற்றுள் மேடுகளின் எண்ணிக்கைக்கும் பள்ளங்களின் எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் இரண்டாகவே இருக்கும். ஆறு கோடுகள் கூடும் இடத்தில் நான்கு மேடும் இரண்டு பள்ளமும், அல்லது நான்கு பள்ளமும் இரண்டு மேடும் இருக்கலாமே அன்றி, மூன்றும் மூன்றுமாக இருக்க முடியாது. அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள கோணங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் 180 பாகையே வரும். ஜப்பானியர்களான மயேகாவா, கவாசாகி ஆகியோரின் பெயரால் இந்த விதிகள் இன்று கணித நூல்களில் வழங்குகின்றன. யென்சன்-கிளிண்ட் தம் விளக்குக்காகத் தாளை மடித்த காலத்தில் இவற்றுக்கு அந்தப் பெயர்கள் ஏற்படவில்லை. ஆனால் தாள் அவற்றுக்குக் கட்டுப்பட்டே மடிந்தது. தவறாக மடித்தால் அது ஏற்றுக்கொள்வதில்லை. சரியாக மடித்தால் தானே வழிவிடுகிறது. பொருளிடமிருந்தே தொழிலாளி பாடம் கேட்கிறான் என்பது இங்கே உபசார வார்த்தை அல்ல. அட்சரம் பிசகாத உண்மை.

வீட்டுத் தேவைக்காகப் பிறந்த இந்தக் குடை, வெகுகாலம் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது. தகப்பனாரிடம் பிள்ளைகள் மடிக்கக் கற்றார்கள். குடும்பத்தாரும் சிநேகிதர்களும் சாயங்கால வேளைகளில் மேஜையைச் சுற்றி அமர்ந்து மடித்துப் பழகினார்கள். ஒருவர் கண்ட புது மடிப்பை மற்றொருவர் திருத்தினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்ற பின்னரே அது வியாபாரமாயிற்று. மூத்த மகனான டாகே கிளிண்ட், விளக்கின் தாங்கியைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும்படியான கழுத்துப்பட்டை மடிப்பைச் செம்மைப்படுத்தி, 1943-ஆம் ஆண்டில் ஒரு ஸ்தாபனத்தைத் தொடங்கினார். தம் மகளுடைய பெயரையே அதற்கு இட்டு, லே கிளிண்ட் என்று வழங்கச் செய்தார். அந்த வருஷத்தில் டென்மார்க் ஜெர்மானியப் படைகளின் ஆக்கிரமிப்பில் இருந்தது. சாமான்கள் கிடைப்பது பிரயாசையாயிருந்த காலம் அது. அத்தகைய காலத்தில் தாளையும் விரல்களையும் மட்டுமே மூலதனமாகக் கொண்ட ஒரு தொழில் தலையெடுத்தது கவனிக்கத்தக்கது. அந்த ஸ்தாபனத்தின் பட்டறை ஓடென்ஸெ என்ற நகரில் இருக்கிறது. குழந்தைகளுக்குக் கதை சொல்லி உலகப் புகழ் பெற்ற ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் பிறந்த ஊரும் அதுவே. அவரும் கதை சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலால் காகிதத்தில் உருவங்கள் வெட்டுவதில் சமர்த்தர்.

இளையவரான கோரெ கிளிண்ட் வேறு விதமான மேதை. நாற்காலி, மேஜை, அலமாரி முதலியவற்றை மனித தேகத்தின் அளவுகளையும், அவற்றில் வைக்கப்போகும் பொருள்களின் அளவுகளையும் நுணுக்கமாகக் கணக்கிட்ட பிறகே வடிவமைக்கவேண்டும் என்ற கொள்கையுடையவர். 1924-இல் டென்மார்க்கின் கலைக்கழகத்தில் மரச்சாமான் வடிவமைப்புக்கென்று தனிப்பிரிவு ஏற்பட்டபோது அதை முன்னின்று நடத்தியவர் அவரே. பின்னால் புகழடைந்த டென்மார்க் மரச்சாமான் கலைஞர்கள் பலர் அந்தப் பரம்பரையில் வந்தவர்கள். 1930-இல் தகப்பனார் காலமான பிறகு, குருண்ட்விக் ஆலயத்தைக் கட்டி முடிக்கும் பொறுப்பும் அவர்மீதே விழுந்தது. அவர் 1944-இல் வடிவமைத்த மடிப்பு விளக்கு, குறுக்கு மடிப்புகளின் பல வரிசைகளால் கிட்டத்தட்ட உருண்டை வடிவை அடைந்து, மரத்தில் தொங்கும் கனியைப் போன்ற முழுமையோடு விளங்குகிறது. எண்பது வருஷங்கள் கழித்தும் அதே வடிவில் அது விற்பனையாகிக்கொண்டிருக்கிறது. அளவுக்கும் ஒழுங்குக்கும் அவ்வளவு முக்கியத்துவம் அளித்த ஒருவர், மடிப்புகளின் எண்ணிக்கையாலேயே தாளை உருட்டியது அவருடைய கொள்கைக்கு முற்றிலும் பொருத்தமான செயல்.

அதுவரையில் இந்தக் குடைகளின் மடிப்புகள் யாவும் நேர்க்கோடுகளாகவே இருந்தன. நேர்க்கோட்டில் மடிப்பதுதானே இயற்கை என்று எவரும் நினைக்கலாம். ஆனால் போல் கிறிஸ்டியான்சென் என்ற இளைஞர், வளைந்த கோட்டில் மடித்தால் என்ன என்று சிந்தித்தார். அலை போல் ஏறி இறங்கும் கணித வளைவைத் தாளில் வரைந்து, அந்த வளைவை ஒட்டியே மடிப்பைச் செலுத்தினார். 1971-இல் வெளிவந்த அவருடைய விளக்கைப் பார்க்கிறவர்கள், இது ஒரே தகட்டிலிருந்து மடித்தது என்று நம்புவது கடினம். குயவன் சக்கரத்தில் சுழற்றி எடுத்தது போன்ற குழைவும் உப்பலும் அதில் உண்டு.

இந்த வளைமடிப்பின் நுட்பத்தை அறிய ஒரு பழைய கணித உண்மையை நினைவுகூரவேண்டும். காகிதம் வளையும், ஆனால் நீளாது. நீளாத ஒரு தாளை உருளையாகவோ கூம்பாகவோ சுருட்டலாம், கோளமாக்க முடியாது. ஜெர்மானிய மேதை காஸ் 1827-இல் இதை நிரூபித்தார். பூகோளப் படத்தைத் தட்டைத் தாளில் பிழையின்றி வரைய முடியாமல் இருப்பதும் இதன் விளைவே. ஆனால் ஒரு வளைந்த கோட்டில் தாளை மடிக்கும்போது, மடிப்பின் ஒரு புறத்துப் பரப்பு வெளியே புடைக்கிறது; மறுபுறத்துப் பரப்பு உள்ளே குழிகிறது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்திக்கொள்கின்றன. தாள் எங்கும் நீளவில்லை, எங்கும் கிழியவில்லை. ஆனாலும் கண்ணுக்கு அது குழைந்து வழிவதாகத் தோன்றுகிறது. 1920-களில் ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளியில் யோசெப் ஆல்பர்ஸ் என்ற ஆசிரியர், பசையும் விரயமும் இன்றித் தாளை மடித்து உருவம் காணுமாறு மாணவர்களைப் பழக்கியபோது, ஒன்றுக்குள் ஒன்றாக வரைந்த வட்டங்களின்மேல் மடித்த தாள் தானே முறுக்கிக்கொண்டு எழுவதை அவர்கள் கண்டார்கள். இன்று கம்ப்யூட்டர்களில் செய்திகளையும் படங்களையும் சுருக்கி வைக்க உதவும் முறை ஒன்றை வகுத்த அமெரிக்கர் டேவிட் ஹஃப்மன், 1976-இல் மடிப்பையும் வளைவையும் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியதோடு நில்லாமல், தம் கையாலேயே வளைமடிப்பு உருவங்கள் பலவற்றைச் செய்து பார்த்தார். ஜப்பானிய விஞ்ஞானி கோரியோ மியூரா வகுத்த மடிப்பு முறையைக் கையாண்டு, சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகளைச் சுருக்கமாக மடித்து 1995-இல் விண்வெளிக்கு அனுப்பி, அங்கே விரித்தார்கள். சாப்பாட்டு மேஜைக்கு மேலே தொங்கும் குடையும், ஆகாயத்தில் விரியும் அந்தத் தகடும் ஒரே சாஸ்திரத்துக்கு உட்பட்டவை.

காலத்தோடு சில மாறுதல்களும் நேர்ந்தன. மண்ணெண்ணெய்ச் சுடரின் இடத்தை மின்சார பல்பு பிடித்துக்கொண்டது. இழை பல்புகள் தாம் வாங்கும் மின்சாரத்தில் நூற்றில் ஐந்து பங்கு போலத்தான் ஒளியாக்கி, மிச்சத்தை உஷ்ணமாகவே கக்கியபடியால், காகிதம் நாளடைவில் பழுப்பேறி நொறுங்கியது. பிறகு தூசியைத் துடைத்து எடுக்கக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் தகடு பெரும்பாலும் காகிதத்தின் இடத்துக்கு வந்தது. எல்.இ.டி. விளக்குகள் பரவியபின் உஷ்ணத்தைப் பற்றிய கவலையும் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒன்று மட்டும் மாறவில்லை. தகட்டில் மடிப்புக் கோடுகளை அழுத்திப் பதிப்பதற்கு யந்திரத்தின் உதவி உண்டு என்றாலும், மடிப்பது இன்றளவும் மனிதக் கைகளே. ஓடென்ஸெ பட்டறையில் இவ்வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, பல வருஷங்கள் பழகிய பிறகே கடினமான மாதிரிகள் அவர்கள் கைக்கு வருகின்றன.

யந்திரம் ஏன் இதைச் செய்யக்கூடாது என்று கேட்பது நியாயமான கேள்வி. இணையாக ஓடும் நேர் மடிப்புகளைத் துணியிலும் தாளிலும் போடுவதற்கு யந்திரங்கள் உண்டு. ஆனால் குறுக்கு மடிப்புகளும் வளைமடிப்புகளும் சேர்ந்த குடையில், எல்லாச் சந்திகளும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கின்றன. எந்தச் சந்தி முரண்டு செய்கிறது, எங்கே கூடுதலாக அழுத்தவேண்டும், எங்கே சற்று விட்டுக்கொடுக்கவேண்டும் என்பதை ஒவ்வொரு தகட்டிலும் ஒவ்வொரு கணமும் உணர்ந்து நடக்கவேண்டியிருக்கிறது. அந்த உணர்ச்சி விரல்நுனியில் இருக்கிறது. புத்தகத்தில் எழுதி வைத்தால் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேருவதில்லை. முதிர்ந்த கை இளைய கையின்மேல் பதிந்து காட்டினால்தான் அது போகிறது. ஆகவே இத்தகைய விளக்கின் விலையைக் கேட்டு, ஒரு தாளுக்கா இவ்வளவு என்று மலைக்கிறவர்கள், தாளுக்குத் தாங்கள் கொடுப்பது அதில் சொற்பம் என்பதையும், பெரும்பகுதி ஒருவர் வருஷக்கணக்கில் தேடிக்கொண்ட அப்பியாசத்துக்கும், அதை இன்னொருவருக்குக் கற்பிக்க அவர் செலவிடும் காலத்துக்கும் உரியது என்பதையும் யோசிக்கவேண்டும். அந்த விலையைக் கொடுப்பார் இல்லாமற்போனால், போலிகளை அச்சில் வார்த்துக் குவிக்க எத்தனையோ தொழிற்சாலைகள் இருக்கின்றன. மடிக்கத் தெரிந்த கைகள்தாம் இல்லாமற்போகும்.

இதை வெளிநாட்டுச் சமாசாரமாக மட்டும் படித்துவிட்டுப் போகவேண்டியதில்லை. கெட்டியான ஒரு வரைபடத் தாளும், ஓர் அளவுகோலும், மழுங்கிய ஒரு கோலும், கொஞ்சம் நூலும் இருந்தால் எவரும் வீட்டிலேயே ஒரு சிறு குடையை மடித்துப் பார்க்கலாம். உஷ்ணம் குறைந்த எல்.இ.டி. பல்பையே உபயோகித்து, தாள் அதைத் தொடாமல் நாற்புறமும் இடம் விட்டு, உச்சியைத் திறந்து வைப்பது அவசியம். முதற்குடை அநேகமாகக் கோணலாகத்தான் வரும். ஆயினும் அதை மடித்த குழந்தை, பாதி பாதியாகப் பங்கிடுவதன் பயனையும், கோணங்களின் ஒழுங்கையும், ஓரிடத்துக் கவனக்குறைவு முழு வேலையிலும் வெளிப்படும் விதத்தையும் கரும்பலகையின் உதவியின்றியே தெரிந்துகொள்ளும். பள்ளிக்கூடங்களில் கணிதத்தை ஓர் அறையிலும் கைத்தொழிலை மற்றோர் அறையிலும் பிரித்து வைத்திருக்கிறோம். மடிப்புக் காகிதம் அந்த இரண்டு வகுப்புகளையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க வல்லது. ஓர் எஞ்சினீயர் தம் வீட்டு விளக்குக்காகச் செய்த காரியம் நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தலைமுறை தலைமுறையாகக் கலைஞர்களையும் கணிதர்களையும் கவர்ந்து வந்திருப்பதற்குக் காரணம், அதில் சிந்தனைக்கும் கைக்கும் இடையே பிரிவினையே இல்லாமல் இருந்ததுதான். நம்முடைய ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கென்று ஒதுக்கினால், அந்த நேரம் வீண்போகாது என்பது என் திடமான நம்பிக்கை.